அகழியில் ஏழு முதலைகள்

"ஏழு முதலையா? இந்த லோங்காங்லயா?"

லோகேஸ்வரன் குனிந்து பார்த்தார். பங்களாவின் முன்பக்கம் ஓடிய வாய்க்காலில் ஒரு மைலோ பாக்கெட்டும் அதன்மேல் ஒரு தவளையும் மிதந்துகொண்டிருந்தன.

"லோங்காங் இல்ல சார், அகழி!" என்றான் குணாளன். "அந்தக் காலத்துல இது கோட்டை. கடல் கொள்ளைக்காரங்க உள்ள வராம இருக்க, நாலு பக்கமும் வெட்டி முதலை விட்டிருந்தாங்க."

"தம்பி, நான் முப்பது வருஷம் வடிகால் இலாகாவுல வேல பாத்தவன். பத்து பகாட் வட்டாரத்துல எத்தன பாரிட், வாய்க்கா இருக்கோ அத்தனையும் எனக்கு அத்துப்படி. மழத்தண்ணி வெளிய போறதுக்கு வெட்டுனது இது. இதுல முதலை படுத்தா முதுகு கூட நனையாது லா."

அவர் மனைவி சந்திரமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கல்யாண மண்டபமாகிவிட்ட இந்தப் பங்களாவைக் குணாளன்தான் பார்த்துக்கொள்கிறான். இவர்கள் மகள் கல்யாணமும் கை நழுவினால், அடுத்த மாதமே கதவை மூடி இடத்தை ஃபேக்டரிக்காரனுக்குக் கொடுத்துவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். தை பிறந்தால் குணாளனுக்கே கல்யாணம். பெண் வீட்டுக்காரர்கள் 'எங்க மாப்பிள்ளை கோட்டைக்கு மேனேஜர்' என்று மாசாய் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருக்கிறார்கள். கோட்டையே போய்விட்டால் மாப்பிள்ளையை யார் சீந்துவார்கள்?

"மேல வாங்க மேடம், கோபுரத்தப் பாக்கலாம்!" என்று படிகளில் தாவி ஏறினான்.

கோபுரம் என்பது நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சுவிட முடியாத ஒரு வட்ட அறை. குணாளன் ஜன்னலைத் திறந்தான்.

"எதிரிங்க சுத்தி வளைச்சப்ப, இளவரசி இங்கருந்துதான் குதிச்சாங்க."

"கால் ஒடிஞ்சிருக்குமே?"

"முதலை முதுகுல குதிச்சாங்க சார். ஏழாவது முதலை அவங்க கையால சோறு போட்டு வளர்த்தது. அப்படியே ஆத்தோட போயி, கடல்ல நீந்தி, மூவார் கரையில கொண்டுபோயி எறக்கி விட்டுடுச்சு."

"அலமாக்! முதலை டாக்ஸியா?"

சந்திரமதி சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சிரிப்பை அடக்குவதற்கு அவர் படும் பாட்டைப் பார்த்துக் குணாளனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"அப்புறம் கோட்டை எப்படி பங்களாவாச்சு, தம்பி?" அந்த அம்மா வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவ்வளவுதான், குணாளனுக்கு உயிர் வந்தது. "வெள்ளக்காரத் துரை வாங்குனாரு மேடம்! பீரங்கி வச்ச ஓட்டையில எல்லாம் கண்ணாடி ஜன்னல் போட்டாரு. ஆயுத ரூம்ல பியானோ வச்சாரு. அகழிய மண்ணு போட்டு மூடச் சொன்னாரு. மூணு பக்கம் மூடுனதும் முதலைங்க ஒண்ணா சேந்து அழுதுச்சாம். துரைக்கு மனசு எளகிப் போச்சு. நாலாவது பக்கத்த அப்படியே விட்டுட்டாரு."

"முதலைக் கண்ணீர்ல துரையே விழுந்துட்டாரா!" லோகேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். "போதும்பா. சின்ன வயசுல இந்தப் பக்கம் இருந்தேன்னு இவ ஒத்தக் கால்ல நின்னா, அதனால வந்தேன். ஜேபி டவுன்ல ஒரு ஹோட்டல் பாத்து வச்சிருக்கேன். ஏர்கான் இருக்கு, கார் பார்க் இருக்கு. நீ சொல்ற கதைக்கு ஆதாரம் இருக்கா?"

"இருக்கு சார்!"

குணாளன் படிகளில் உருளாத குறையாக இறங்கி ஓடினான். கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று தாள்கள் இருந்தன. பழுப்பேறி, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தன.

"இங்க கடைசியா குடியிருந்தது தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவரு செத்த பிறகு அவரோட இரும்புப் பெட்டியில கெடச்சது இது. முதல் பக்கம் மட்டும் இல்ல. படிங்க சார்!"

லோகேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "'என் மேனியெங்கும் பீரங்கிக் குண்டுகளின் தழும்புகள். ஏழு முதலைகளே எனக்கு உற்ற துணை...' என்னப்பா இது, கோட்டையே பேசுது?"

"அரண்மனைப் புலவருங்க அப்படித்தான் சார் எழுதுவாங்க."

"கீழ செவப்பு மையில முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே?"

குணாளன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "முத்திரை சார். இது அரண்மனையோட முப்பத்தஞ்சாவது ஏடு."

லோகேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார். "வடிகட்டுன கப்சா! வா மதி, போலாம்."

சந்திரமதி நகரவில்லை. இப்போது அவர் சிரிக்கவும் இல்லை. கண்ணாடிமேல் விரலை வைத்து, அந்தக் கையெழுத்தை வரிவரியாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, தேதியக் குறிச்சுக்குங்க. எம் மவ கல்யாணம் இங்கதான்."

குணாளன் துள்ளிய துள்ளலில் சட்டம் ஆணியில் ஆடியது.

"உனக்கென்ன பைத்தியமா மதி? படிச்சவ, இதப் போயி நம்புறியே!" என்றார் லோகேஸ்வரன்.

"யாருங்க நம்புனா?" சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஆறாம் வகுப்புல 'நான் ஒரு கோட்டை'ன்னு நான் எழுதுன கட்டுரைதாங்க இது. புளுகுக்கும் ஒரு அளவு வேணும்னு முப்பத்தஞ்சு மார்க் போட்டு என்ன பெஞ்சு மேல ஏத்தி விட்ட மனுஷன், சாகுற வரைக்கும் இதப் பொத்திப் பொத்தி வச்சிருந்திருக்காரு!"