கையைத் தூக்கினால் போதும்

"நல்லா ஆ காட்டு. பல்லை எண்ணத்தான் போறேன். வலிச்சா கையைத் தூக்கு, உடனே நிறுத்திடுறேன்."

பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் தலை சாய்ந்தது. வாய் திறந்தது. குட்டிக் கண்ணாடி உள்ளே போனது.

"ஒண்ணு, ரெண்டு..."

சட்டென்று கை உயர்ந்தது. கண்ணாடி வெளியே வந்தது.

"பயந்துட்டியா?"

"கொஞ்சம்," என்றபடி நாற்காலியிலிருந்து எழுந்தார் டாக்டர்.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. ஆட்டிசம் உள்ள மகள் வீட்டிலேயே அத்தி பூத்தாற்போல்தான் பேசுவாள். ஐந்து முறை வந்தும் டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போனதாகவே அம்மா நினைத்திருந்தாள். இன்று மகள் ஒரு சொல் மாறாமல் டாக்டருக்கே திருப்பிச் சொல்கிறாளே!

"இப்ப உன் முறையா, கண்ணு?"

மகள் கண்ணாடியை நீட்டிவிட்டு ஏறிப் படுத்தாள். அது உதட்டைத் தொடுமுன்பே கையைத் தூக்கினாள்.

டாக்டர் நிறுத்தினார்.

கை மெல்ல இறங்கியது. வாய் திறந்தது.