பக்கத்துக் கட்டம்

மென்பொருளாக மட்டுமே இயங்கும் மெய்நிகர் கணினியின் டிஸ்க் என்பது வெறும் ஒரு கோப்பு, எண் போட்ட கட்டங்களாகப் பிரிந்தது. அதில் யாருக்கும் பயனில்லாமல் பிடிக்கப்பட்டுக் கிடக்கும் கட்டங்களை விடுவிப்பதுதான் அவளுடைய வேலை. திங்கட்கிழமை ஒரு கணினியில் ஒரே ஒரு கட்டம் சிக்கியது, நாற்பத்தேழாவது. உள்ளே எதுவும் எழுதப்படவில்லை. கணினி இடத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தது. விடுவித்தாள். மறுநாள் மதியம் சரியாக ஒரு மணிக்கு மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக இதே கதை.

அந்தக் கணினி, அவள் ‘அண்ணே’ என்று கூப்பிடும் சீனியருடையது. அவர் போன மாதம் இறந்தபின் அதை யாரும் இயக்கவில்லை.

“பூட்டின வீட்ல யாரும்மா வெளக்கு போடுறது? கோப்பையே அழிச்சிடு,” என்றார் மேனேஜர்.

“புரோகிராம்ல தப்பு இருக்கான்னு இன்னொரு தடவ பாத்துடறேன் சார்.”

சல்லடை போட்டுச் சலித்தும் தப்பு எதுவும் அகப்படவில்லை.

மதியம் ஒரு மணி ஆனால் அண்ணன் முதல் ஆளாகக் கேன்டீனில் இருப்பார். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து அவளுக்கு இடம் பிடிப்பார். “வேல எங்கயும் ஓடிடாது, வந்து உக்காரு,” என்பார். அவர் போனபின் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. திரைக்கு முன்னாலேயே கொறித்துக்கொள்கிறாள்.

வியாழக்கிழமை அவள் அந்தக் கட்டத்தை விடுவிக்கவில்லை. “இருந்துட்டுப் போங்கண்ணே,” என்று திரையைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பார்த்தாள். நாற்பத்தேழு அப்படியே இருந்தது. பக்கத்தில் நாற்பத்தெட்டையும் பிடித்து வைத்திருந்தது. அது காலியாக இருந்தது.