கொத்துச் சத்தம்

"பாண்டி, மாடி வீட்டுக்காரம்மா உன் கொத்துச் சத்தத்தப் பத்தி விசாரிச்சுட்டுப் போச்சு" என்றார் புரோட்டாக் கடை முதலாளி உபைதுல்லா.

பாண்டிராஜுக்குச் சுருக்கென்றது. ஆரப்பாளையத்தில் இதே கல்லில் பதினான்கு வருடமாகக் கொத்து புரோட்டா போடுகிறான். சாப்பிடுகிறவன் ஒருத்தனும் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்ததில்லை. சத்தத்துக்கு மட்டும் புகாரா?

"இந்த மாசத்தோட நின்னுக்கிறேன் பாய்" என்று சொல்லிவிட்டான். அடுத்த மூன்று நாளும் சத்தம் எழும்பாமல் பூப்போலக் கொத்தினான்.

நான்காம் நாள் சாயந்தரம் அந்தம்மாவே கடைக்கு இறங்கி வந்தாள்.

"பழைய மாஸ்டர் வேலைய விட்டுப் போயிட்டாராண்ணே?"

"நான்தாம்மா பழைய மாஸ்டர்."

"அப்புறம் ஏன் சத்தத்தையே காணோம்?"

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "நீங்கதானம்மா சத்தமா இருக்குன்னு சொன்னீங்க?"

"அய்யய்யோ! தினம் எத்தனை மணிக்குக் கொத்துவீங்கன்னுதான் கேட்டேன். எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம்ணே. எட்டு மாசமா அசையாத வலது கை, போன வாரம் நீங்க கொத்தயில விரலால கட்டில்ல தாளம் போட்டுச்சு. மூணு நாளா மறுபடியும் சும்மா கெடக்கு."

பாண்டிராஜ் இரண்டு கரண்டிகளையும் எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி வெறும் கல்லில் கொத்தத் தொடங்கினான்.

முதலாளி குழம்பிப்போய் ஓடி வந்தார். "ஆர்டரே இல்லையேப்பா, யாருக்குக் கொத்துற?"

"மாடி வீட்டுக்கு, பாய்."

"பார்சலா?"

"இல்ல பாய், சத்தம் மட்டும்."