ஓடைக்கு இந்தப் பக்கத்து முகவரி

மது டெலிவரிக்கு வந்த டெஸ்ஸா பாட்டில் பையைக் கையில் பிடித்தபடி நின்றாள். கொடுக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

எதிரே, சக்கரம் கழற்றிச் செங்கல்மேல் ஏற்றி வைத்த பழைய ட்ரெய்லரின் வாசலில் ஓப்பல். அறுபது வயதிருக்கும். நரைத்த பின்னல், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை.

பின்னால், ஓடையின் குறுக்கே போட்டிருந்த பலகைமேல் டீக்கன் எல்பர்ட். கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. இந்தப் பக்கம் இல்லை. கென்டக்கி மலைக்குள் இரண்டு மாவட்டங்கள் அந்த இடத்தில் முட்டிக்கொண்டு கிடந்தன. அந்தப் பக்கத்துத் தேவாலயச் சபையில் டீக்கன் எல்பர்ட் சொன்னால் சொன்னதுதான்.

"பொண்ணே, அதுல யாரும் குடியிருக்கல. வெறும் தகர டப்பா அது. நீ குடுத்தேன்னா இந்தப் படம் காலையில லைசென்ஸ் ஆபீசுக்குப் போயிரும்."

டெஸ்ஸாமேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. இன்னொன்று வந்தால் மது கொண்டுபோகும் கார்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். பீட்சாவை மட்டும் சுமந்து அந்த மலையில் யாரும் பிழைத்ததில்லை.

இது மூன்றாவது நடை.

முதல் தடவை ட்ரெய்லருக்குக் கதவு எண் இல்லை. சரக்கை ஆளின் கையில்தான் கொடுக்க வேண்டும், அதுவும் முகவரி உள்ள வீட்டு வாசலில். வயலில் கூடாது, பாதையோரத்தில் கூடாது. பாட்டில் கடைக்கே திரும்பிப் போனது.

இரண்டாம் தடவை கதவில் பச்சைத் தகடு, அதில் எண். ஆனால் ஓப்பலின் ஓட்டுநர் உரிமத்தில் ஓடைக்கு அந்தப் பக்கத்து முகவரி. எல்லையோரத்து ஆர்டர் என்றால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மறுபடியும் பாட்டில் திரும்பியது.

அன்றைக்கு ஓப்பல் சத்தம் போடவில்லை. "இன்னும் என்னென்ன வேணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள்.

டெஸ்ஸா ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். படுக்கை, அடுப்பு, உள்ளிருந்து பூட்டும் கதவு.

எல்லையோரத்தில் எதை வீடு என்பது என்று இந்தப் பக்கத்து மாவட்ட அதிகாரிகள் முன்பு கூட்டம் போட்டபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்து மேசையைத் தட்டிப் பேசியவர் எல்பர்ட்தான். மீன்பிடிக் குடிசையும் வைக்கோல் கொட்டகையும் வீடாகிவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. படுக்கை, அடுப்பு, தாழ்ப்பாள் என்று விரல் விட்டுச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே விதியாக எழுதிக்கொண்டார்கள்.

"வெளிய நின்னு யோசிச்சா ஆச்சா? உள்ள வந்து பாரு" என்றாள் ஓப்பல்.

டெஸ்ஸா எட்டிப் பார்த்தாள். ஒற்றைக் கட்டில். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு கோப்பை. கதவில் புதுத் தாழ்ப்பாள்; துளை போட்டபோது விழுந்த மரத்தூள் இன்னும் தரையில் கிடந்தது. அடுப்பில் காப்பிப் பாத்திரம்.

"இப்பத்தான் கொதிச்சது. சூடு இருக்கான்னு பாக்கணும்னா டீக்கனே வந்து கைய வச்சுப் பாக்கட்டும்."

"ஒரு பாட்டிலுக்கு இம்புட்டு ஆட்டமா? ஊரே பாக்குது" என்றார் எல்பர்ட்.

"பாக்கட்டும். அதுக்குத்தான் நம்பரப் பெருசாப் போட்டிருக்கேன்."

அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும். போதையில் இருப்பவருக்குக் கொடுக்கக் கூடாது.

"குடிச்சிருக்கீங்களாம்மா?"

"பொறந்ததுல இருந்து தொட்டதில்ல."

டெஸ்ஸா பையைப் பார்த்தாள். மூன்று தடவையும் அதேதான்: கடையிலேயே மலிவான, சின்ன திராட்சை மது. "அப்புறம் எதுக்கும்மா இது?"

"வேற எந்தச் சாமானுக்கு இத்தன கேள்வி கேக்குறீங்க? பீட்சாக்காரன் வாசல்ல வச்சிட்டு ஓடிடுறான். இதுக்குத்தான் ஒரு ஆளு வந்து, நான் எங்க இருக்கேன்னு சட்டப்படி பாத்து எழுதிட்டுப் போகணும்."

அவள் உரிமத்தை நீட்டினாள். செவ்வாய்க்கிழமை கொடுத்த புது அட்டை. மூலைகூட மழுங்கவில்லை. முகவரி இந்தப் பக்கத்து முகவரி.

டெஸ்ஸா படத்தையும் முகத்தையும் பார்த்தாள். தலையைத் திருப்பி, தன்னைப் படம் எடுக்கும் கைபேசியையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு அந்தக் கைபேசிக்கு நன்றாகத் தெரியும்படி அட்டையைத் தூக்கிப் பிடித்துத் தன் கருவியில் பதிந்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா. கையெழுத்துப் போடுங்க."

எல்பர்ட்டின் கைபேசி மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் பலகையின் நுனிவரை வந்தார். இந்தப் பக்கத்து மண்ணில் மட்டும் கால் வைக்கவில்லை. சபையில் முழங்கும் குரல் எங்கோ போயிருந்தது.

"முப்பத்தெட்டு வருஷமா உன் கையாலயே தின்னு பழகிட்டேன், ஓப்பல். ராத்திரிக்கு பீன்ஸ் யாரு வேக வைப்பா?"

டெஸ்ஸா கையில் இருந்த அட்டையை மறுபடி பார்த்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம், எல்பர்ட்டின் வெள்ளை வீட்டுத் தபால் பெட்டியில் எழுதியிருந்த அதே குடும்பப் பெயர்.

ஓப்பல் நிமிரவில்லை. தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி எழுதி முடித்தாள்.

"ஆர்டர் போட்டுக்கங்க. பீன்ஸுக்கு அந்தப் பக்கம் தடை ஒண்ணும் இல்ல."