சுமணன் ஏன் கடித்தான்

புத்த விகாரைத் தோட்டத்தில் ஒரு தாய்க்குரங்கு இருந்தாள். அவள் குட்டி சுமணன் தினமும் காலையில் எதிரே வருபவர்களையெல்லாம் கடித்துவைப்பான்.

“போன பிறவியில செஞ்ச பாவம்,” என்றது கொக்கு. தாய் அழுதுவிட்டாள்.

குளத்து ஆமை தலையை நீட்டியது. “போன பிறவியை நான் பார்க்கலை. இப்ப அவனுக்கு என்ன கஷ்டம்னு கேட்டியா?”

அவள் கேட்டதே இல்லை. அடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவன் கடித்தபோது கையை ஓங்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மூச்சு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“என்னடா பண்ணுது, கண்ணு?”

“விகாரை மணி அடிச்சா தலைக்குள்ள தேனீ பறக்குதும்மா.”

அன்றுமுதல் காலை மணி அடிக்கும் முன்பே இருவரும் தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். சில நாள் தாய் மறந்துவிடுவாள். சுமணனே அவள் விரலைப் பிடித்து இழுப்பான்.

“வாம்மா, நேரமாச்சு.”