சிவப்புப் பொத்தானின் மேல் ஒரு பலகை

சம்பந்தி வரும் நாளில் வீட்டைத் துடைப்பதுபோல, பாதுகாப்பு அதிகாரி வரும் காலையில் பட்டறையெங்கும் எச்சரிக்கைப் பலகைகள் ஏறுகின்றன. தகடு வெட்டும் எந்திரத்தில் நிற்பவளின் தோளுக்கு நேரே, "கை ஜாக்கிரதை" என்ற மஞ்சள் பலகையை மாட்டிவிட்டு மேஸ்திரி அழகு பார்க்கிறார். "அண்ணே, எந்திரத்தை நிறுத்துற பொத்தானையே மூடிட்டீங்களே! கை மாட்டினா என்ன பண்ணுவேன்?" "அதான் ஜாக்கிரதைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கில்ல? அவர் போனதும் கழட்டிடறேம்மா." இதே கத்தி போன மாதம் அவளுடைய நாத்தனாரின் இரண்டு விரல்களை வாங்கியது. எந்திரம் கடகடக்கிறது, சன்னல் வெயிலில் புதுப் பெயிண்ட் பளபளக்கிறது. அவளுடைய வலது கை தகட்டைக் கத்திக்கடியில் தள்ளுகிறது. இடது கை பலகையின் ஓரத்தைத் தூக்கி, சிவப்புப் பொத்தானின் மேல் விரலை வைத்திருக்கிறது. வாசலில் அதிகாரியின் பேச்சுக்குரல் கேட்கிறது. "கையை எடும்மா," என்று மேஸ்திரி பல்லைக் கடிக்கிறார், "பலகை மறையுது."