காய்ச்சலுக்குக் காரணம்

மத்தியான வெயில் சமையலறைத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து கிடக்கிறது. அதன் நடுவே மூத்தவள் சம்மணமிட்டு உட்கார்ந்து, பறக்கும் சூனியக்காரியின் கதைப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்துத் தண்ணீர் வாளியில் போடுகிறாள். பிறந்தநாளுக்கு அம்மாவே வாங்கித் தந்த புத்தகம் அது. ஜெபக்குழு அக்கா நாற்காலியில் சாய்ந்து கைக்குட்டையால் விசிறிக்கொள்கிறாள். "இந்த மாதிரி கதை வீட்டுக்குள்ள வந்தா பேயும் கூடவே வரும். உன் தங்கச்சி ஒரு வாரமா காய்ச்சல்ல கிடந்து துடிக்கிறது எதனாலன்னு நினைச்சே?" பிள்ளையின் விரல்கள் வேகமெடுக்கின்றன. வாளியில் வண்ணப் படங்கள் ஊறிச் சுருள்கின்றன. டாக்டர் கொடுத்த மருந்தில் காய்ச்சல் காலையிலேயே விட்டுவிட்டது என்பது அடுப்போரம் நிற்கும் அம்மாவுக்குத் தெரியும். அதை இப்போது சொன்னால், நாளைக்குக் குழுவில் தன் தலை எப்படி உருளும் என்பதும் தெரியும். துடைத்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கிறாள். அட்டை மட்டும் மிஞ்சியதும் பிள்ளை எழுந்து உள்ளே ஓடி, தான் வரைந்து வைத்திருந்த சூனியக்காரிப் படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள். "இதையும் போட்டுடறேம்மா. என்னாலதானே பாப்பாவுக்கு வந்துச்சு?" விசிறுவதை நிறுத்திவிட்டு அக்கா அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். "ஆமா," என்கிறாள் அம்மா.